அம்மாவை இல்லத்தில் சேர்ப்பதா?

"மிஸ், எங்கம்மாவை ஒரு இல்லத்துல சேர்க்கணும். ஆனா லயத்துல யாருக்கும் தெரிய வேணாம்."

ஹட்டனுக்கு அருகே உள்ள ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு சகோதரி என்னிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப் போலத் தாழ்ந்த குரலில் பேசினார்.

முதியோர் இல்லம் என்றதும் நம் மனதில் முதலில் எழுவது வெட்கம். "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டா" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனையோ பெண்கள் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததால் விசாரிப்பதுமில்லை. கடைசியில் தாங்க முடியாத ஒரு நாளில், யாரோ சொன்ன முதல் இடத்தில் அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அந்த அவசரம்தான் ஆபத்தானது. ஆகவே இந்தச் சகோதரியோடும் அவரது தாயாரோடும் சேர்ந்து நான் கற்றுக்கொண்டவற்றை, அவர்களது சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்து, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போன பாதையும் திரும்பிய பாதையும்

அந்தத் தாய்க்கு இப்போது 75 வயது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். 1977 வன்செயலின் பின்னர் மலையகத்தை விட்டு வடக்கே போன பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வவுனியாவில் சில காலம் இருந்து, பின்னர் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். மகளும் மகனும் அங்கேதான் பிறந்தார்கள். 2009 ஆம் ஆண்டு இறுதி யுத்தத்தில் மருமகனும் மகனும் காணாமற் போனார்கள். தாயும் மகளும் கைக்குழந்தையோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். வெளியே வந்தபோது போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. பழைய தோட்டத்தில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்தார்கள். மகள் தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்குப் போகத் தொடங்கினார்.

பதினைந்து வருடங்கள் எப்படியோ ஓடின. கடந்த இரண்டு வருடங்களாகத் தாய்க்கு ஞாபகம் தவறுகிறது. அடுப்பில் நெருப்பை மூட்டிவிட்டு மறந்துவிடுகிறார். காலை பத்து மணியளவில் சேலையைத் திருத்திக் கட்டிக்கொண்டு பஸ் வீதிக்கு நடந்துவிடுகிறார். இரண்டு தடவை தேயிலை மலைக்குள் வழி தவறி, மாலையில்தான் கண்டுபிடித்தார்கள்.

"நான் மலையில நிக்கிறப்ப மனசு வீட்டுலயே இருக்கு மிஸ். பேத்தி ஸ்கூலுக்குப் போகாம காவல் இருக்கா. குழந்தையப் பார்க்கத் தோட்டத்துல பிள்ளைக் காம்பரா இருக்கு. கிழவியப் பார்க்க யாரு இருக்கா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்த காலத்தில், வீட்டில் யாராவது ஒருவர் இருந்தார். இப்போது இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர் நாட்சம்பளத்தில் நிற்கும் ஒரு பெண். அவர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடும். வடக்கு கிழக்கில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகளின் நிலையும் இதிலிருந்து தூரமில்லை.

இல்லத்துக்கு முன்னர் வைத்தியசாலை

நாங்கள் முதலில் இல்லம் தேடவில்லை. தாயாரை வைத்தியரிடம் காட்டினோம். எல்லாச் சகோதரிகளுக்கும் நான் சொல்வது இதைத்தான். முதுமையில் வரும் எல்லாக் குழப்பமும் மாற்ற முடியாததல்ல. சிறுநீர்த் தொற்று, தைரொயிட் குறைபாடு, பி12 விற்றமின் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் முதியவரைத் தடுமாற வைக்கும். கண்ணில் வெண்புரை இருந்தால் இருட்டில் இல்லாத உருவங்கள் தெரிவதுண்டு. காது கேட்காதவர் பொருத்தமில்லாமல் பதில் சொல்வார். இவை சிகிச்சை செய்யக்கூடியவை.

இந்தத் தாய்க்குச் சிறுநீர்த் தொற்றும் இரு கண்களிலும் வெண்புரையும் இருந்தன. தொற்றுக்கு மருந்து எடுத்ததும் இரவில் எழுந்து கத்துவது குறைந்தது. ஆனால் ஞாபக மறதி நோயும் இருப்பதாக வைத்தியர் சொன்னார். அது பைத்தியமுமில்லை, பிடிவாதமுமில்லை, பேயுமில்லை. மூளையில் ஏற்படும் ஒரு நோய்.

பத்து மணிக்கு எங்கே போகிறீர்கள் என்று ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "தம்பி வருவான் புள்ள. பஸ்ஸடியில நிக்கணும்" என்றார். அதுவரை நாங்கள் எல்லோரும் அதை அலைச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அவரோ பதினைந்து வருடங்களாக மகனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. 60 வயது நிறைந்தவர்களை அது முதியோர் என்கிறது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றும், வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்றும் அது சொல்கிறது. தன்னைப் பராமரிக்க இயலாத பெற்றோர், வசதியுள்ள பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு மகள் மட்டும் சுமையைத் தாங்க, வசதியுள்ள அண்ணன் தம்பிகள் ஒதுங்கி நிற்கும் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் அளிக்கும் பொறுப்பை அதே சட்டம் அரசின் மீது வைக்கிறது. முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் உள்ளது.

அடுத்தது, முதியவரின் சொந்தப் பணம். தோட்டத்தில் உழைத்தவரானால், ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். ஐந்து வருடங்களோ அதற்கு மேலோ வேலை செய்து விலகியவருக்கு, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளத் தொழிலாளியாக இருந்தால் வருடத்துக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கில் 'சர்வீஸ் காசு' உண்டு. அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் இன்னொரு பெயர் என்று இருப்பதால் இந்தப் பணம் கிடைக்காமல் எத்தனையோ முதியோர் அலைகிறார்கள். இல்லத்துக்குப் போகும் முன்னரே இதைச் சரிசெய்யுங்கள். போன பின்னர் இதற்காக அலைய ஆளிருக்காது.

இரண்டு இல்லங்களைப் பார்த்தோம்

வீட்டில் வைத்திருக்க என்ன வழி என்றும் யோசித்தோம். பக்கத்துக் காம்பரா அம்மா ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்துப் பகலில் பார்க்கச் சொன்னோம். மூன்று மாதம் நடந்தது. பின்னர் அவருக்கே நோய் வந்தது. அதற்குப் பிறகுதான் இல்லம் பார்க்கப் போனோம். தாயாரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு மறதி இருந்தாலும் பிடித்தது பிடிக்காதது தெரியும்.

முதலாவது இல்லம் புதிய கட்டிடம். தரை பளபளத்தது. கட்டில்கள் ஒரே வரிசையில், எல்லாவற்றிலும் ஒரே நிற விரிப்பு. என் குறிப்புப் புத்தகத்தில் 'சுத்தம் – மிக நன்று' என்று எழுதினேன். உயர்ந்த மதில், பூட்டிய கேட். உறவினர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கலாம். அலுவலகத்தில் இருந்தவர், அடையாள அட்டையையும் கொடுப்பனவுப் புத்தகத்தையும் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். "இவங்க பேர்ல காணி ஏதும் இருக்கா?" என்றும் கேட்டார்.

அந்த நேரம் பகல் சாப்பாட்டு மணி அடித்தது. முதியவர்கள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஓர் இலக்கம். தாயார் மகளின் கையை இறுக்கிப் பிடித்தார். "இது மெனிக் பாம். நான் வரல்ல" என்றார்.

சமூகவியல் படித்த எனக்கு அது தெரியவில்லை. ஞாபகம் தவறிய அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. முள்வேலிக்குள் வாழ்ந்தவருக்கு, வரிசையில் நின்று சோறு வாங்கியவருக்கு, வெளியே போக அனுமதி கேட்டவருக்கு, பூட்டிய கேட் என்பது வெறும் கேட் அல்ல. 2009 இல் முகாமிலிருந்து முதலில் வெளியேற அனுமதிக்கப்பட்டவர்களில் 60 வயதைக் கடந்தோரும் இருந்தனர். பொறுப்பேற்க உறவினர் இல்லாதவர்கள் வவுனியாவிலும் வேறு இடங்களிலும் இல்லங்களுக்கே போனார்கள். ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்குள் போகிறோமா என்று அன்று அவர்கள் கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

இரண்டாவது இல்லம் பழைய கட்டிடம். சுவரில் சாயம் உரிந்திருந்தது. குசினியில் இரண்டு பாட்டிமார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முற்றத்தில் ரோசாச் செடிக்கு மண் அணைத்தார். அவரவர் சேலை, அவரவர் பெட்டி, கட்டிலருகே அவரவர் சாமிப் படம். கேட்டில் கொண்டி இருந்தது, பூட்டு இல்லை. பொறுப்பாளர் அம்மா எங்களிடம் பேசும் முன்னர் தாயாரிடம் பேசினார், தமிழில்.

தாயார் இரண்டு கேள்விகள் கேட்டார். "வெத்தல போடலாமா?" "செத்தா எங்க போடுவீங்க?"

வெற்றிலை போடலாம், முற்றத்துக் குழாயடியில்தான் துப்ப வேண்டும் என்றார் பொறுப்பாளர். "மகள் வந்து கூட்டிப் போவாங்க. அவங்களால முடியலன்னா நாங்க உங்க முறைப்படியே செய்வோம்" என்றும் சொன்னார். தாயார் தலையாட்டினார். நான் கேட்கக் கூசிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

அங்கும் குறைகள் இருந்தன. இரண்டு பஸ் மாற வேண்டும். சுடுதண்ணீர் காலையில் மட்டும். இரவில் ஒரே ஒரு பணிப்பெண். இவற்றைப் பொறுப்பாளரே மறைக்காமல் சொன்னார். குறையே இல்லை என்று சொல்லும் இல்லத்தைவிட, குறையைச் சொல்லும் இல்லத்தை நம்பலாம் என்பது என் அனுபவம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இல்லம் பார்க்கப் போகும்போது கீழ்வரும் கேள்விகளைக் கையோடு கொண்டு போங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

1. இல்லம் பதிவு செய்யப்பட்டதா? பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமோ முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள்.

2. தமிழ் பேசும் பணியாளர் எந்த நேரமும் இருக்கிறாரா? இரவில் நெஞ்சு வலிக்கிறது என்பதைச் சொல்ல மொழி வேண்டும். ஞாபகம் தவறியவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் மறப்பதுண்டு. தாய்மொழிதான் கடைசி வரை கூட வரும்.

3. கேட்டைத் திறப்பது யார்? உறவினர் எப்போது வரலாம், தொலைபேசியில் பேசலாமா, திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? அலையும் பழக்கம் உள்ளவருக்குக் காவல் தேவைதான். அந்தக் காவல் பூட்டாக இருக்கிறதா, கூட நடக்கும் ஒரு ஆளாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. குளிக்க வைப்பதும் உடை மாற்றுவதும் பெண்ணா? மறைப்பு இருக்கிறதா? யுத்த காலத்தில் நடந்த கொடுமைகளை வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் தாய்மார் பலர். அந்நியக் கை படும்போது அவர்கள் கத்தினால், அதைக் குறும்பு என்று அடக்கும் இடம் வேண்டாம்.

5. மலசலகூடத்துக்கு எத்தனை படி? பிடித்து எழும்பக் கைபிடி உண்டா? நுவரெலியாக் குளிருக்கு எத்தனை கம்பளி, சுடுதண்ணீர் எப்போது? மலையகத்தில் பல கட்டிடங்கள் சரிவில் நிற்கின்றன. நனைந்த ஒரு படி போதும், இடுப்பெலும்பு முறிய.

6. கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவார்? மருந்து கொடுத்ததை எழுதி வைக்கிறார்களா? தூக்கத்துக்கு மருந்து கொடுப்பதானால் வைத்தியர் எழுதித் தந்ததா?

7. பணம் எவ்வளவு, எதற்கு, பற்றுச்சீட்டு உண்டா? முதியோர் கொடுப்பனவை யார் எடுப்பார், அதில் எவ்வளவு அவர் கையில் கிடைக்கும்? அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுங்கள், மூலப் பத்திரங்களை நீங்கள் வைத்திருங்கள். காணி உறுதியையோ வீட்டையோ இல்லத்தின் பெயருக்கு எழுதச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாசிக்க முடியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

8. அவருடைய வழிபாட்டுக்கு இடமுண்டா? வேறு மதத்தவர் நடத்தும் நல்ல இல்லங்கள் பல உள்ளன. அங்கே அவர் திருநீறு பூசலாமா, ஜெபமாலை வைத்திருக்கலாமா, தொழலாமா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

9. முதலில் இரண்டு வாரம் தங்கிப் பார்க்கலாமா? பிடிக்காவிட்டால் திரும்பக் கூட்டி வரலாமா? கட்டிய பணத்துக்கு என்ன ஆகும்?

10. பகலில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? சும்மா உட்கார்ந்திருக்க வைக்கும் இடத்தில் மனிதர் சீக்கிரம் தளர்ந்துவிடுவார். கீரை ஆயவும் விளக்கேற்றவும் செடி நடவும் விடும் இடம் நல்லது.

முடிந்தால் இரண்டு தடவை போங்கள். இரண்டாவது தடவை சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பொறுப்பாளரை விட, அங்கிருக்கும் முதியவர்களின் முகத்தைப் பாருங்கள். பணியாளர் உள்ளே வரும்போது அவர்கள் நிமிர்ந்து சிரிக்கிறார்களா, பேச்சை நிறுத்துகிறார்களா? அது சொல்லிவிடும்.

1991 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கான 18 கொள்கைகளை ஏற்றுக்கொண்டது. பராமரிப்பு இல்லத்தில் வாழும்போதும் முதியவரின் கௌரவம், நம்பிக்கை, தனிமை என்பவை மதிக்கப்பட வேண்டும், தம் பராமரிப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது அவற்றில் ஒன்று. மேலே உள்ள பத்துக் கேள்விகளும் இந்த ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

சேர்த்த பின்னர்

இல்லத்தில் சேர்ப்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. போகும்போதெல்லாம் கையையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். படுக்கைப் புண், கண்டல் காயம், உடல் மெலிவு, பகலெல்லாம் தூக்கம், திடீர்ப் பயம் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். முதலில் பொறுப்பாளரிடம் கேளுங்கள். திருப்தியான பதில் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்துக்கும் முதியோருக்கான தேசிய செயலகத்துக்கும் எழுதுங்கள். அடி உதை என்றால் பொலிசுக்குப் போங்கள். உறவினர் வந்துபோகும் முதியவரை இல்லத்தில் கவனமாகப் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் வருகையே அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

போகும் நாளில் அவரைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்ன பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவார், எந்தச் சத்தத்துக்குப் பயம், யாரை இழந்தவர், எந்தக் கறி பிடிக்கும் என்பதை எழுதுங்கள். பட்டாசு வெடிக்கும் தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் ஒளிபவரை ஏன் என்று தெரியாமல் இழுத்து வெளியே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தச் சகோதரி அந்தத் தாளில் கடைசி வரியாக, 'பத்து மணிக்கு மகனைத் தேடுவார்' என்று எழுதினார்.

இரண்டு வாரம் தங்கிப் பார்த்து, இப்போது எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு போயா தினமும் மகள் வெற்றிலையும் ரொட்டியும் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் ஏறிப் போகிறார். பேத்தி மறுபடியும் பாடசாலைக்குப் போகிறாள். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பேசவும் செய்தார்கள். "பேசட்டும் மிஸ். பேசுனவங்க ஒருத்தரும் ஒரு நாளாவது வந்து பார்த்துக்கல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் அழுதார். அந்த அழுகைக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. சரியான முடிவு எடுத்த பின்னரும் அழுகை வரும் என்று மட்டும் சொன்னேன்.

சென்ற மாதம் நானும் கூடப் போனேன். காலை பத்து மணி. கேட்டருகே ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். தாயார் சேலையைத் திருத்திக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பணிப்பெண், மடியில் கீரைக் கட்டு. பஸ் வந்தது, யாரும் இறங்கவில்லை, போனது. "இன்னைக்கு வரல்ல போல" என்றார் தாயார். "நாளைக்குப் பார்ப்போம் அம்மா. வாங்க, சாயத் தண்ணி ஆறுது" என்றார் பணிப்பெண். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

அன்பான சகோதரிகளே, உங்கள் தாயையோ மாமியையோ ஓர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். கேளுங்கள், போய்ப் பாருங்கள், அவரையும் கூட்டிப் போங்கள். சுவரின் சாயத்தைப் பார்க்கும் முன்னர், உங்கள் தாய் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்க அங்கே ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.